செருப்புக்கு டோக்கன் உண்டு... ஹெல்மெட்டுக்கு?

எண்சாண் உடம்புக்குச் சிரசே பிரதானம் என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். சரி, அந்தச் சிரசைக் காக்கிற ஹெல்மெட் இந்த நிமிஷம் உங்கள் வீட்டில் எங்கே இருக்கிறது? ஃபிரிட்ஜ் மேலேயா? பரணிலா? செருப்பு ஸ்டாண்டு பக்கத்தில் தூசி படிந்தா?

கோபித்துக் கொள்ளாதீர்கள். காரணமாகத்தான் கேட்கிறேன். வண்டியில் போய் விழுந்து, பெரிய ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் எல்லாம் முடிந்து, கை கால் பலவீனத்துக்குத் தொக்கணம் செய்துகொள்ள என்னிடம் வருகிறவர்கள் உண்டு. "ஹெல்மெட் வாங்கவே இல்லையா?" என்று கேட்டால், "இருக்கு டாக்டர், அன்னிக்குன்னு பார்த்து வீட்ல வெச்சிட்டுப் போயிட்டேன்" என்பதுதான் பெரும்பாலும் பதில். வாங்காதவர்களைவிட, வாங்கி வீட்டில் வைத்தவர்களே அதிகம்!

ஏன் வைத்துவிட்டுப் போகிறோம்? சூடு ஏறும், முடி கொட்டும் என்பார்கள். கொஞ்சம் துருவிக் கேளுங்கள், உள்ளே இருப்பது வெளியே வரும். "போற இடத்துல அதை எங்க சார் வைக்கிறது? வண்டியில மாட்டினா எவனாவது தூக்கிட்டுப் போயிடறான். கையில தூக்கிக்கிட்டுக் கல்யாண வீட்டுக்குள்ள போக முடியுமா?"

இந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. இதற்கு வழி சொல்லாமல் "போடுங்க, போடுங்க" என்று உபதேசம் செய்து என்ன பிரயோஜனம்? வண்டியை நிறுத்தும் இடத்தில் ஹெல்மெட் பத்திரமாக இருந்தால்தான், வண்டி ஓடும்போது அது தலையில் இருக்கும். இதுதான் என் கட்சி.

சட்டம் ஒன்றும் புதிதல்ல. 1988-ம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 129-வது பிரிவு, ஓட்டுகிறவருக்கும் பின்னால் உட்காருகிறவருக்கும் சேர்த்தே சொல்கிறது. 2019-ல் வந்த திருத்தத்தில் அபராதம் 1,000 ரூபாய் ஆனது. அபராதம் கிடக்கட்டும், பலனைப் பாருங்கள். பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்து 2008-ல் வெளியான காக்ரேன் தொகுப்பாய்வு, ஹெல்மெட் அணிந்தால் விபத்தில் சாகும் அபாயம் சுமார் 42 சதவீதமும், தலைக்காயத்தின் அபாயம் சுமார் 69 சதவீதமும் குறைகிறது என்று கணக்குச் சொல்கிறது. எங்கள் சித்த மருத்துவத்தில் வர்மம் 108. அதில் தலையிலிருந்து கழுத்துக்குள் மட்டும் 25 என்று எண்ணி வைத்திருக்கிறார்கள். இரண்டு வைத்தியமும் ஒரே இடத்தைத்தான் காட்டுகின்றன.

இப்போது ஊரைப் பாருங்கள். கோயில் வாசலில் செருப்பைக் கொடுத்தால் டோக்கன் தருகிறார்கள். ஜவுளிக் கடையில் பைக்கு டோக்கன். தலையைக் காக்கும் ஹெல்மெட்டுக்கு? பல ஸ்டாண்டுகளில் 'ஹெல்மெட்டுக்கு நாங்கள் பொறுப்பல்ல' என்று போர்டு! காலுக்கு இருக்கிற மரியாதை தலைக்கு இல்லையா?

என் வைத்தியசாலையில் தச்சரைக் கூப்பிட்டு வாசல் பக்கம் ஒரு மர அடுக்கு செய்து வைத்தேன். அடுக்குக்கு ஒரு நம்பர், அவ்வளவுதான். முதல் வாரம் அதில் செய்தித்தாள்தான் கிடந்தது. இப்போது சாயங்காலம் ஆனால் இடம் போதவில்லை. கல்யாண மண்டபக்காரர்களும், கடைக்காரர்களும், பள்ளிக்கூடத்தாரும் இதைச் செய்ய முடியாதா? தாராளமாக முடியும். நாம் கேட்க வேண்டும்.

அவர்கள் செய்கிறவரை நாம் என்ன செய்யலாம்?

முதலில் உங்கள் வண்டியை நன்றாகப் பாருங்கள். ஸ்கூட்டர் என்றால் சீட்டுக்கு அடியில் பெட்டி இருக்கும். ஹெல்மெட் உள்ளே போகாவிட்டாலும், பல வண்டிகளில் சீட்டுக்கு அடியில் சின்னதாக ஒரு கொக்கி உண்டு. ஹெல்மெட் வாரில் இரும்பு வளையம் இருந்தால் அதைக் கொக்கியில் மாட்டிச் சீட்டை மூடினால் பூட்டிக்கொள்ளும். சில பைக்குகளில் பக்கவாட்டிலேயே சாவி போடும் ஹெல்மெட் பூட்டு இருக்கிறது. பல வருஷம் வண்டி ஓட்டியும் இதைக் கவனிக்காதவர்கள் எத்தனையோ பேர்!

இரண்டும் இல்லையா? சைக்கிளுக்குப் போடுகிற கம்பிப் பூட்டு ஒன்று வாங்குங்கள். வாரில் மட்டும் கோத்துப் பூட்டாதீர்கள். வாரை பிளேடால் அறுத்துவிடலாம். முகம் முழுக்க மூடும் ஹெல்மெட்டாக இருந்தால், கண்ணாடித் திறப்பு வழியாகக் கம்பியை விட்டுக் கழுத்துப் பக்கம் எடுத்து, பின்சீட்டுக் கைப்பிடியோடு சேர்த்துப் பூட்டுங்கள். ரெயின்கோட், ஜாக்கெட் இருந்தால் அதன் கை வழியாகவும் அதே கம்பியை விடலாம். சக்கரத்தின் வழியாக மட்டும் கோக்கவே கூடாது. மறதியாக வண்டியைக் கிளப்பினால் குப்புற விழ வேண்டியதுதான். தாடை மூடாத அரை ஹெல்மெட் என்றால், பேசாமல் கையோடு எடுத்துக்கொண்டு போய்விடுங்கள்.

வண்டியின் கண்ணாடியில் மாட்டுகிற வழக்கத்தை இன்றோடு விட்டுவிடுங்கள். ஹெல்மெட்டுக்குள்ளே இருக்கும் தெர்மோகோல்தான் அடியைத் தான் வாங்கி நசுங்கி, உங்கள் மூளையைக் காப்பாற்றுகிறது. கண்ணாடி முனை அதிலேயே குழி போட்டால் அப்புறம் என்ன இருக்கிறது? சூடான சைலன்சர் பக்கமும் தொங்க விடாதீர்கள். பெட்ரோல், தின்னர் போட்டுத் துடைக்கவும் வேண்டாம். ஒரு தடவை விபத்தில் பலமாக அடிபட்ட ஹெல்மெட், வெளியே பார்க்க நன்றாக இருந்தாலும் மாற்றத்தான் வேண்டும்.

இனி என் துறைக்கு வருகிறேன். நனைந்த ரெயின்கோட்டையும் ஹெல்மெட்டையும் ஒரே பெட்டியில் திணித்து மூடினால், உள்ளே பூஞ்சை பிடித்து நாற்றம் எடுக்கும். மழையில் நிறுத்தும்போது வாய்ப்பக்கம் கீழே இருக்கட்டும். வீட்டுக்கு வந்ததும் நிழலில், காற்றோட்டமாகக் காய வையுங்கள். உள் துணி கழற்றுகிற மாதிரி இருந்தால் அவ்வப்போது துவைத்துப் போடுங்கள். எண்ணெய் வழியும் தலையோடு ஹெல்மெட் போடாதீர்கள். எண்ணெய் தேய்க்கிற நாளில் சீயக்காயோ அரப்போ போட்டு நன்றாக அலசி, ஈரம் காய்ந்த பிறகு போடுங்கள். தலையில் மெல்லிய பருத்தித் துணி கட்டிக்கொள்வது நல்லது. பொடுகு இருப்பவர்கள் வைத்தியர் யோசனைப்படி பொடுதலைத் தைலம் பயன்படுத்தலாம். அடுத்தவர் ஹெல்மெட்டை வாங்கிப் போடாதீர்கள். பேனும் படர்தாமரையும் இலவசமாக வரும்!

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். தலையில் பலமாக அடிபட்டால் என்னைப் போன்ற சித்த வைத்தியரிடம் முதலில் வராதீர்கள். வாந்தி, மயக்கம், காதில் மூக்கில் ரத்தம், தூக்கக் கலக்கம் என்று எது இருந்தாலும் ஸ்கேன் வசதியுள்ள ஆஸ்பத்திரிக்கு உடனே ஓடுங்கள். 108-க்குப் போன் போடுங்கள். கஷாயமும் தைலமும் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். தலைக்குள்ளே கசியும் ரத்தத்துக்கு எங்களிடம் மருந்து கிடையாது.

வீட்டிலிருக்கும் அம்மாமார்களே, வண்டிச் சாவி மாட்டும் ஆணிக்குப் பக்கத்திலேயே ஹெல்மெட்டுக்கும் ஓர் ஆணி அடியுங்கள். சாவியை எடுக்கும் கை அதையும் எடுக்கும். அடுத்த முறை ஜவுளிக் கடைக்கோ கல்யாண மண்டபத்துக்கோ போகும்போது, "ஹெல்மெட் வைக்க இடம் இருக்கா?" என்று வாய் திறந்து கேளுங்கள். பத்துப் பேர் கேட்டால் பதினோராவது ஆளுக்கு அடுக்கு வந்துவிடும். செலவு ஒரு பலகை, நாலு ஆணி. காப்பது ஒரு குடும்பத்தின் தலையை!