சல்லடை தீர்ப்புச் சொல்லாது

கருவுற்ற தாயின் இரத்தத்தைச் சோதித்து, குழந்தைக்கு ‘டவுன் சின்ட்ரோம்’ இருக்க வாய்ப்புண்டா என்று கணிக்கும் முறை இன்று நம் நாட்டில் பரவியுள்ளது. செஞ்சியையடுத்த அனந்தபுரம் போன்ற சிற்றூரில் வாழும் தாயின் கைக்கும் அந்தச் சோதனைத் தாள் வரலாம். அதில் ‘அதிக வாய்ப்பு: 200-இல் 1’ என்றிருந்தால் வீடே கலங்கிவிடும். இது தேவையற்ற கலக்கம் என்பதே என் கருத்து. காரணம் உங்கள் கணக்குப் புத்தகத்திலேயே இருக்கிறது.

நம் உயிரணுவில் 23 இணைக் குரோமோசோம்கள் உள்ளன. 21-ஆம் குரோமோசோம் இரண்டுக்குப் பதில் மூன்றாக இருப்பதே டவுன் சின்ட்ரோமுக்குக் காரணம் என்று 1959-இல் பிரான்சு நாட்டு லெழூனும் அவர் குழுவினரும் அறிவித்தனர். ஆனால் நாம் பேசும் இரத்தச் சோதனை குரோமோசோமை எண்ணுவதில்லை. 11 முதல் 13 வாரத்துக்குள், தாயின் இரத்தத்திலுள்ள ஹெச்.சி.ஜி., பாப்-ஏ என்ற இரு பொருள்களை அளக்கிறது. டவுன் சின்ட்ரோம் கருவாயின் முன்னது சராசரியாக ஏறக்குறைய இரு மடங்காகவும், பின்னது பாதியாகவும் இருக்கும். இவற்றோடு ஸ்கேன் அளவையும் தாயின் வயதையும் சேர்த்துக் கணிக்கிறார்கள்.

‘சராசரியாக’ என்ற சொல்லைக் கவனியுங்கள். பத்தாம் வகுப்பாரின் சராசரி உயரம் ஒன்பதாம் வகுப்பாரைவிட அதிகம். அதற்காக உயரத்தை மட்டும் அளந்து, ஒருவர் எந்த வகுப்பு என்று சொல்லிவிட முடியுமா? இங்கும் அப்படித்தான்.

இனி ஒரு கணக்கு. 800 கருவில் 1-க்கு இக்குறை உண்டு என்று கொள்வோம். 8,000 தாய்மாரில் 10 பேரின் கருவில் அது இருக்கும். சோதனை நூற்றுக்கு 90-ஐக் கண்டுபிடிக்கும் எனில் 9 அகப்படும், 1 தப்பும். குறையில்லாத 7,990-இல் நூற்றுக்கு 5-ஐத் தவறாகச் சுட்டும் எனில், ஏறத்தாழ 400 பேர். ஆக, ‘அதிக வாய்ப்பு’ என்ற தாளைப் பெறும் 409 பேரில் உண்மையில் குறையுள்ளது 9 பேருக்கே; அதாவது ஏறத்தாழ 45-இல் 1.

ஆகவே இச்சோதனை ஒரு சல்லடை, தீர்ப்பன்று. உறுதி செய்யப் பனிக்குட நீர்ச் சோதனை போன்றவை வேண்டும். அவற்றில் கருச்சிதைவு ஆபத்து சிறிதளவு உண்டு. எனவே முடிவைப் பெற்றோர் மருத்துவரிடம் கேட்டறிந்து நிதானமாக எடுக்க வேண்டும். அண்டை வீட்டார் எடுக்கக் கூடாது. தாளைக் கொடுப்பவர்கள், ‘இப்படித் தாள் பெறும் 45 பேரில் 44 பேருக்குக் குறையில்லை’ என்பது போல் தமிழில் விளக்கிக் கொடுக்கவும் வேண்டும்.

இன்னொன்று. டவுன் சின்ட்ரோமுடன் பிறந்தவர்களும் அன்பும் பயிற்சியும் கிடைத்தால் கற்கிறார்கள், வேலை செய்கிறார்கள். அவர்களுடைய கல்வியுரிமையை 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் உறுதி செய்கிறது. அவர்களைப் பற்றிய அச்சத்தை வளர்ப்பது அறிவியலின் வேலையன்று.

நாளை உங்கள் அக்காளோ அண்ணியோ இத்தகைய தாளுடன் கலங்கி நின்றால், முதலில் “எத்தனையில் ஒன்று?” என்று கேளுங்கள். பிறகு பொறுமையாக உட்கார்ந்து கணக்குப் போட்டுக் காட்டுங்கள்.