8 ஆட்டத்தில் 1 கோல், 6 ஆட்டத்தில் 10 கோல்: இன்டர் மிலன் டிஃபென்ஸில் ஓட்டை எங்கே?

ஜெர்மனியின் மியூனிக் நகரில் 2025 மே 31-ம் தேதி சாம்பியன்ஸ் லீக் இறுதிப்போட்டி. பிஎஸ்ஜி என்று எல்லோரும் சுருக்கமாகச் சொல்லும் பிரான்ஸின் பாரிஸ் செயின்ட் ஜெர்மைனும், இத்தாலியின் இன்டர் மிலனும் மோதின. இந்திய நேரப்படி சனிக்கிழமை நள்ளிரவு கழிந்து 12.30 மணிக்கு ஆட்டம் ஆரம்பம். ஞாயிறு காலை யாரும் எழுப்பாமல் இருந்தால் சரி.

அதுவரை பிஎஸ்ஜி இந்தக் கோப்பையை ஒருமுறைகூட ஜெயித்ததில்லை. 2020-ல் லிஸ்பனில் இறுதிப்போட்டி வரை போய் பேயர்ன் மியூனிக்கிடம் 1-0 எனத் தோற்றது. இன்டர் மூன்று முறை ஜெயித்த அணி. ஆனால் 2024-25 சீசனில் இத்தாலி லீக் பட்டத்தை நபோலியிடம் ஒரே ஒரு புள்ளியில் கோட்டைவிட்டது. கோப்பா இத்தாலியாவில் பரம எதிரி ஏசி மிலனிடம் அரையிறுதியில் வெளியேறியது. மிச்சமிருந்தது இந்த ஒரே கோப்பைதான்.

இந்தப் போட்டிக்கு முன் எல்லோரும் கேட்ட கேள்வி, இன்டரின் தடுப்பாட்டத்தை எப்படி உடைப்பது என்பதுதான். கேள்விக்குக் காரணம் இருக்கிறது. லீக் சுற்றின் 8 ஆட்டங்களில் இன்டர் வாங்கியது ஒரே ஒரு கோல். மான்செஸ்டர் சிட்டி, ஆர்சனல் இரண்டுமே கோல் போட முடியாமல் திரும்பின. அதே இன்டர், நாக் அவுட் சுற்றின் 6 ஆட்டங்களில் 10 கோல் வாங்கியிருக்கிறது. இதில் 6 கோல் அரையிறுதியில் பார்சிலோனா மட்டும் போட்டவை.

அதே கோச், கிட்டத்தட்ட அதே ஆட்கள். அப்புறம் என்னதான் ஆச்சு?

பூட்டு எப்படி வேலை செய்கிறது?

அப்போதைய கோச் சிமோனே இன்சாகி ஆடியது 3-5-2. பந்து கையில் இல்லாதபோது இது 5-3-2 ஆகிவிடும். மூன்று சென்டர் பேக்குகளுக்கு இரண்டு பக்கமும் விங்-பேக்குகள் இறங்கிவந்து நிற்க, கோலுக்கு முன்னால் ஐந்து பேர் கொண்ட சுவர். அதற்கு முன்னால் மூன்று மிட்ஃபீல்டர்கள். நடுவில் புகுந்து இந்தச் சுவரை உடைப்பது ரொம்பக் கஷ்டம்.

1964, 1965 என இரண்டு வருடம் தொடர்ந்து ஐரோப்பியக் கோப்பையை ஜெயித்த இன்டர் அணி ஆடியது 'கதெனாச்சோ' பாணி. இத்தாலிய மொழியில் தாழ்ப்பாள் என்று அர்த்தம். இன்சாகியின் இன்டர் அப்படி முழுக்கப் பின்வாங்கி ஆடும் அணி இல்லை. ஆனாலும் முன்னிலை கிடைத்ததும் தாழ்ப்பாள் போடும் பழக்கம் ரத்தத்திலேயே இருக்கிறது.

சிக்கல் அந்த மூன்று மிட்ஃபீல்டர்களிடம் தொடங்குகிறது. மைதானத்தின் அகலம் 68 மீட்டர். அதை மூன்று பேர் காவல் காக்க வேண்டும். பந்து இடது ஓரத்துக்குப் போனால் மூவரும் அந்தப் பக்கம் நகர வேண்டும். உடனே வலது ஓரத்துக்கு ஒரு நீள பாஸ் வந்தால் மறுபடி எல்லோரும் ஓட வேண்டும். முதல் அரை மணி நேரம் ஓடிவிடலாம். 70-வது நிமிடத்தில்? இந்த மூவரில் ஒருவரான ஹென்ரிக் மிகிதாரியனுக்கு அப்போது வயது 36.

மே 6-ம் தேதி சான் சிரோ மைதானத்தில் நடந்தது இதற்கு நல்ல உதாரணம். பாதி நேரத்தில் இன்டர் 2-0 என முன்னிலை. 54-வது நிமிடத்தில் எரிக் கார்சியா, 60-வது நிமிடத்தில் டானி ஒல்மோ. ஆறே நிமிடத்தில் 2-2. இரண்டு கோலுக்கும் கிராஸ் கொடுத்தது பார்சிலோனாவின் லெஃப்ட் பேக் ஜெரார்டு மார்ட்டின். நட்சத்திரப் பட்டியலில் யாரும் சேர்க்காத பெயர். இன்டரின் கவனமெல்லாம் உள்ளே இருந்த பெரிய பெயர்கள் மேல் இருக்க, வெளியே ஓரத்தில் ஃபுல் பேக்குக்குப் பந்தை நிறுத்தி, தலை தூக்கிப் பார்த்து கிராஸ் போட நேரம் கிடைத்தது. 5-3-2-வுக்கு எதிராக எப்போதுமே முதலில் ஃப்ரீ ஆகும் ஆள் எதிரணியின் ஃபுல் பேக்தான்.

சரி, டிமார்க்கோ பக்கம் ஏன்?

அந்த இரண்டு கோலும் இன்டரின் வலது பக்கத்தில் இருந்து வந்தவை. அப்போ ஓட்டை அங்கேதானே என்று கேட்கலாம். அமைப்பில் உள்ள பலவீனம் இரண்டு ஓரத்துக்கும் பொது. ஆனால் வலது விங்-பேக் டென்சல் டம்ஃப்ரீஸுக்கு உடல் பலமும் வேகமும் இருக்கிறது. தவறினாலும் ஓடிப் பிடித்துவிடுவார். இடது பக்கம் நிற்கும் ஃபெடரிக்கோ டிமார்க்கோவின் கதை வேறு.

அப்போது 27 வயதான டிமார்க்கோவின் இடது கால் ஐரோப்பாவிலேயே சிறந்த கிராஸ் போடும் கால்களில் ஒன்று. கார்னர், ஃப்ரீ கிக் எல்லாவற்றுக்கும் இன்டர் நம்பியிருக்கும் ஆள். ஆனால் ஒருவரோடு ஒருவராக நின்று, எதிரே வேகமான டிரிப்ளர் வந்தால் திணறுகிறார். பார்சிலோனாவில் நடந்த முதல் அரையிறுதியில் லமீன் யமால் ஆடியது அந்தப் பக்கத்தில்தான். அந்த இரவை டிமார்க்கோ மறக்க விரும்புவார். யமாலைப் பிடிக்க ஒருவர் போதவில்லை, இருவர் போதவில்லை, சில நேரம் மூவரும் போதவில்லை. இரண்டு அரையிறுதியிலும் இரண்டாம் பாதி தொடங்கிக் கொஞ்ச நேரத்திலேயே இன்சாகி டிமார்க்கோவை எடுத்துவிட்டு கார்லோஸ் அகஸ்டோவை இறக்கினார். காரணத்தை அவர் தனியாக விளக்க வேண்டியதே இல்லை.

இன்னொன்று, பலரும் கவனிக்காதது. ஐந்து பேர் வரிசையில் ஆஃப்சைடு கோடு உடைவது பெரும்பாலும் ஓரத்தில்தான். நடுவில் இருக்கும் மூன்று சென்டர் பேக்குகளும் ஒன்றாக முன்னே வருவார்கள். ஓரத்து விங்-பேக் தன் ஆளைப் பார்த்தபடி ஒரு இரண்டடி பின்தங்கினால் போச்சு. எதிரணி ஃபார்வர்டு எல்லோருமே ஆன்சைடு. முழுநேர டிஃபெண்டர்களுக்கு இந்தக் கோடு பழக்கத்திலேயே இருக்கும். பாதி நேரம் அட்டாக் பற்றியே யோசிக்கும் விங்-பேக்குக்கு அது அவ்வளவு சுலபம் இல்லை.

அவருக்குப் பின்னால் இருக்கும் அலெஸாண்ட்ரோ பாஸ்தோனியும் சும்மா நிற்கும் சென்டர் பேக் இல்லை. பந்தோடு முன்னே போய் கிராஸ் போடும் பழக்கம் உள்ளவர். டிமார்க்கோ, பாஸ்தோனி இருவரும் மேலே போயிருக்கும்போது பந்து பறிபோனால் அந்த இடது பக்கம் வெறும் புல்வெளிதான். காவலுக்கு ஓடிவர வேண்டியவர் அதே 36 வயது மிகிதாரியன்.

அந்தப் பக்கத்தில் பிஎஸ்ஜி சார்பில் யார் வருவார்கள் என்று பார்த்தால் இன்டர் ரசிகர்களுக்கு வயிற்றில் புளி கரையும். விங்கில் டெசிரே டுவே, அப்போது 20 வயது முடியாத பையன். இல்லையென்றால் பிராட்லி பார்கோலா. அவர்களுக்குப் பின்னால் இருந்து ஓடிவருவது ரைட் பேக் அஷ்ரஃப் ஹகிமி. 2020-21 சீசனில் இன்டருக்காக ஆடி இத்தாலி லீக் பட்டம் ஜெயித்தவர். அவரை பிஎஸ்ஜிக்கு விற்றுவிட்டுத்தான் டம்ஃப்ரீஸை இன்டர் வாங்கியது.

பிஎஸ்ஜியின் ஃபுல் பேக்குகள் கிராஸ் போடுவதோடு நிற்பதில்லை. பாக்ஸுக்குள் புகுந்து கோல் அடிப்பார்கள். காலிறுதியில் ஆஸ்டன் வில்லா மைதானத்தில் முதல் அரை மணி நேரத்துக்குள் அடித்த இரண்டு கோலும் ஹகிமி, நூனோ மென்டிஸ் என இரண்டு ஃபுல் பேக்குகளுடையது.

மூன்று பேர் இருக்கிறார்கள், பிடிக்க ஆள் எங்கே?

2023 இறுதிப்போட்டி நினைவிருக்கும். இஸ்தான்புல்லில் மான்செஸ்டர் சிட்டியிடம் இன்டர் 1-0 எனத் தோற்றது. ஆனால் அன்று எர்லிங் ஹாலாண்ட் கோல் அடிக்கவில்லை. அவரை ஒட்டிக்கொண்டே நின்றவர் ஃப்ரான்செஸ்கோ அசெர்பி. இரண்டு முறை புற்றுநோயில் இருந்து மீண்டு வந்தவர், அப்போது 37 வயது. பார்சிலோனாவுக்கு எதிராக 93-வது நிமிடத்தில் அணியைக் காப்பாற்றிய கோலும் இவருடையதுதான். எதிரே ஒரு பெரிய சென்டர் ஃபார்வர்டு நின்றால் உடம்போடு உடம்பு வைத்து மோதுவதில் அசெர்பி கில்லாடி.

பிஎஸ்ஜியிடம் ஹாலாண்ட் மாதிரி ஆள் கிடையாது. கிலியன் எம்பாப்பே போன பிறகு கோச் லூயிஸ் என்ரிகே செய்த பெரிய மாற்றம், விங்கர் உஸ்மான் டெம்பெலேயை நடுவில் ஆட வைத்தது. அவர் சென்டர் ஃபார்வர்டு இடத்தில் நிற்கவே மாட்டார். மிட்ஃபீல்டுக்கு இறங்கி வருவார். லண்டனில் ஆர்சனலுக்கு எதிராக 4-வது நிமிடத்தில் அடித்த கோலைப் பாருங்கள். கீழே இறங்கி வந்து பந்தை வாங்கினார், இடது ஓரத்தில் இருந்த குவாரட்ஸ்கேலியாவுக்குக் கொடுத்தார், பந்து திரும்ப உள்ளே வந்தபோது பாக்ஸ் விளிம்பில் தனியாக இருந்தார். அடித்தார். அவ்ளோதான்.

இப்போ அசெர்பி என்ன செய்வார்? டெம்பெலே பின்னாலேயே மிட்ஃபீல்டு வரை போனால் நடுவில் பெரிய இடைவெளி. அதற்குள் டுவேயும் குவாரட்ஸ்கேலியாவும் ஓடுவார்கள். போகாமல் நின்றால் டெம்பெலே, விட்டின்யா, ஜோவாவ் நெவிஸ், ஃபேபியன் ரூயிஸ் என நான்கு பேர், இன்டரின் மூன்று மிட்ஃபீல்டர்களோடு பந்தைச் சுற்றிச் சுற்றி விளையாடுவார்கள். மூன்று சென்டர் பேக்குகள் யாரும் வராத வாசலில் காவல் நிற்க, அகலத்தைக் காக்க வேண்டிய மூவரும் நடுவில் மாட்டிக்கொள்வார்கள். ஓரம் திறந்துவிடும். திரும்பவும் டிமார்க்கோ தனியாக.

இன்டருக்கு இதில் ஓர் ஆறுதல், வலது சென்டர் பேக் பெஞ்சமின் பவார்ட் காயத்தில் இருந்து மீண்டிருந்தது. பார்சிலோனாவுக்கு எதிராக அவர் ஆடவில்லை.

கடைசி ஐந்து நிமிட நோய்

லெவர்குசனிடம் கோல் வாங்கியது 90-வது நிமிடத்தில். பேயர்ன் மைதானத்தில் தாமஸ் முல்லர் அடித்தது 85-ல். பார்சிலோனாவின் ரஃபீன்யா அடித்தது 87-ல். மே 18-ம் தேதி லாட்சியோவுக்கு எதிரான லீக் ஆட்டத்தில் 2-1 என முன்னிலையில் இருந்தபோது பெனால்டி கொடுத்து, பெட்ரோ 90-வது நிமிடத்தில் சமன் செய்தார். லீக் பட்டம் கைநழுவியதில் அந்த நிமிடத்துக்குப் பெரிய பங்கு. கோல்கீப்பர் யான் சோமருக்கும் அப்போது 36. பேயர்ன், பார்சிலோனா ஆட்டங்களில் உடனே திருப்பி அடித்துத் தப்பித்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். மனவலிமையில் குறையில்லை, கால்கள்தான் களைத்துப் போகின்றன.

அப்போ டிமார்க்கோவை உட்கார வைத்தால்?

அதுதான் இன்சாகியின் தலைவலி. டிமார்க்கோ இல்லாவிட்டால் இன்டரின் அட்டாக் பாதியாகிவிடும். பார்சிலோனா மைதானத்தில் டம்ஃப்ரீஸ் அடித்த இரண்டு கோலும் கார்னரில் இருந்து வந்தவை. உயரத்திலும் உடல் பலத்திலும் பிஎஸ்ஜியைவிட இன்டர் மேலே. ஒரு நல்ல கார்னர் போதும், இந்த ஆய்வெல்லாம் காற்றில் போய்விடும். பிஎஸ்ஜியின் டிஃபென்ஸும் இரும்பு இல்லை. அதே வில்லா ஆட்டத்தில் 2-0 முன்னிலைக்குப் பிறகு மூன்று கோல் வாங்கி 3-2 எனத் தோற்றது. முதல் ஆட்டத்தை 3-1 என ஜெயித்திருந்ததால்தான் தப்பியது.

பிஎஸ்ஜியின் பிரஸ்ஸிங்கைத் தாண்டி ஒரு நீள பாஸ், அதை மார்கஸ் துராமோ லவுட்டாரோ மார்ட்டினெஸோ மார்பில் வாங்கி நிறுத்துவது, மறுபக்கம் டம்ஃப்ரீஸ் பாய்ந்து வருவது: இதுதான் இன்டருக்கான வழி. அப்படி நடந்தால் நூனோ மென்டிஸும் ஹகிமியும் மேலே போகத் தயங்குவார்கள். டிமார்க்கோவுக்கும் மூச்சுவிட நேரம் கிடைக்கும்.

ஆட்டம் பார்ப்பவர்கள் முதல் 15 நிமிடம் பந்தை விட்டுவிட்டு டிமார்க்கோ எங்கே நிற்கிறார் என்று பாருங்கள். பாஸ்தோனியோடு ஒரே கோட்டில், கோலுக்கு அருகிலேயே நின்றால் பிஎஸ்ஜி நினைத்தது நடக்கிறது. அவர் நடுக்கோட்டைத் தாண்டி நின்று ஹகிமி அவரைத் துரத்திக்கொண்டிருந்தால் இன்டருக்கு நல்ல இரவு. பாதி நேரத்துக்கு முன்பே கார்லோஸ் அகஸ்டோ வார்ம்-அப் செய்ய எழுந்தால், ஸ்கோரைப் பார்க்கத் தேவையே இருக்காது.