கயிறு பிடிக்கும் கை

பொருளியலில் ஆய்வுக்குச் சேரும் மாணவருக்கு முதல் நாளிலேயே கிடைக்கும் அறிவுரை ஒன்று உண்டு: வேலையை ஒழுங்காகச் செய், மற்றதெல்லாம் தானாக வரும். எந்தக் கட்டுரையை எந்த இதழுக்கு அனுப்புவது, மதிப்புரையாளரின் குறிப்புக்கு எப்படிப் பதில் எழுதுவது, பரிந்துரைக் கடிதத்தை யாரிடம் எப்போது கேட்பது என்பவை எந்தப் பாடத்திட்டத்திலும் இல்லை. திறமைசாலிகள் இவற்றைப் போகப்போகப் பிடித்துக்கொள்வார்கள் என்று துறை முழுவதும் நம்பப்படுகிறது. இந்த நம்பிக்கை தவறு. இதனால் நட்டப்படுகிறவர்களும் பெரும்பாலும் ஒரே தரப்பார்: குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவர்கள்.

முத்துக்குளித்துறை என்று பெயர் பெற்ற தூத்துக்குடிக் கரையைப் பற்றியும் வெளியூரில் இப்படி ஒரு நினைப்பு உண்டு. முத்துக் குளிப்பது மூச்சடக்கும் திறமை என்பார்கள். மூச்சு வேண்டியதுதான். ஆனால் அந்நாளில் குளியாளி கடலுக்குள் இறங்கிய விதத்தைப் பார்த்தால் அது ஒரு பங்குதான் என்பது தெரியும். கயிற்றில் கட்டிய கனத்த கல்லில் கால் வைத்து இறங்குவார். சிப்பி அள்ளும் பைக்கு இன்னொரு கயிறு. அடியில் இருக்கும் நேரம் ஏறக்குறைய ஒரு நிமிடம். அந்த ஒரு நிமிடமும் அவர் உயிர் மேலே கயிறு பிடித்து நிற்பவர் கையில் இருந்தது. கீழிருந்து வரும் சுண்டலுக்கு உடனே இழுக்க வேண்டியிருந்தது. மனைவியின் உடன்பிறந்தவனையே கயிறு பிடிக்க வைப்பார்கள், தன் அக்காள் தங்கையின் தாலி என்பதால் மைத்துனன் கை தளராது என்று தமிழ்நாட்டில் சொல்வது வழக்கம். எல்லா வள்ளத்திலும் மைத்துனனே நின்றான் என்பதில்லை. கயிறு பிடிக்க யார் இருக்கிறார் என்பதுதான் தொழிலில் முதல் கேள்வி என்று கடலோரம் அறிந்திருந்தது.

பொருளியலில் அந்தக் கயிறு பெரும்பாலும் பெற்றோர் கையில் இருக்கிறது. அன்னா ஸ்டான்ஸ்பரியும் ராபர்ட் ஷூல்ட்ஸும் 2023இல் வெளியிட்ட ஆய்வு இதை எண்ணிக் காட்டியது. 2010களில் பொருளியலில் முனைவர் பட்டம் பெற்ற, அமெரிக்காவில் பிறந்தவர்களில் 65 சதவீதத்தினரின் தாயோ தந்தையோ முதுநிலைப் பட்டமோ அதற்கு மேலோ பெற்றவர். எல்லாத் துறைகளையும் சேர்த்துப் பார்த்தால் இது 50 சதவீதம். பெற்றோர் இருவருமே கல்லூரிப் பட்டம் பெறாத குடும்பத்திலிருந்து வந்தவர்கள் எல்லாத் துறைகளையும் சேர்த்து 26 சதவீதம், பொருளியலில் 14 சதவீதம். கணக்குப் போடும் திறமை இவ்வளவு துல்லியமாக வீடு பார்த்துப் பிறப்பதில்லை. பள்ளிக்கூடமும் பணமும் இதற்குக் காரணங்கள்தான். சாப்பாட்டு மேசையில் காதில் விழுந்த பேச்சும் ஒரு காரணம்.

இதழாசிரியரிடமிருந்து வரும் ஒரு கடிதத்தைக் கையில் எடுத்துப் பார்க்கலாம். கட்டுரையை இந்த வடிவில் வெளியிட இயலாது என்று அது தொடங்கும். இரண்டு மதிப்புரையாளர்களும் அடிப்படையான ஐயங்களை எழுப்பியிருக்கிறார்கள் என்று தொடரும். நான்கு பக்கக் குறைகளுக்கு முன்னால், இவற்றுக்கு விடை காண முடிந்தால் திருத்திய வடிவைப் பார்க்கத் தயார் என்று ஒற்றை வரி இருக்கும். பேராசிரியர் வீட்டுப் பிள்ளை இதை அப்பாவிடம் வாசித்துக் காட்டினால், அவர் முதலில் வாழ்த்துச் சொல்வார். திருத்தி அனுப்பச் சொல்வது பாதிக் கதவு திறந்ததற்குச் சமம் என்று அவருக்குத் தெரியும். உப்பளத்தில் உப்பு வாரும் ஒருவரின் மகள் அதே கடிதத்தைப் படித்தால் கண்ணில் படுவது முதல் வரிதான். அவள் மடிக்கணினியை மூடிவிடுகிறாள். கட்டுரை அங்கேயே செத்துப்போகிறது. இரண்டு பேருக்கும் திறமையில் வேறுபாடு இல்லை.

நேரடியாக நிராகரிப்பதுகூட முடிவல்ல என்பதும் யாராவது சொன்னால்தான் தெரியும். ஜார்ஜ் அக்கர்லாஃப் பழைய கார்ச் சந்தையைப் பற்றி எழுதிய கட்டுரையை மூன்று இதழ்கள் திருப்பி அனுப்பின. நான்காவதாக அதை 1970இல் வெளியிட்டது குவார்ட்டர்லி ஜர்னல் ஆஃப் எகனாமிக்ஸ். 2001இல் அவருக்குக் கிடைத்த நோபல் பரிசுக்கு அந்தக் கட்டுரையே அடிப்படை.

எல்லாம் தானாக வரும் என்ற நம்பிக்கைக்கு ஆதரவாகச் சொல்லப்படும் ஒரு வாதம், இவையெல்லாம் பட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியவை, சொல்லித் தர முடியாதவை என்பது. இதை ஆராய்ந்தே பார்த்துவிட்டார்கள். அமெரிக்கப் பொருளியல் சங்கத்தின் பெண்கள் நிலைக்கான குழு 2004இல் இளம் பேராசிரியைகளுக்கு இரண்டு நாள் வழிகாட்டுப் பட்டறை ஒன்றைத் தொடங்கியது. விண்ணப்பங்கள் இடங்களைவிட அதிகமாக வந்ததால் குலுக்கல் முறையில் ஆள் எடுத்தார்கள். ஆகவே இடம் கிடைத்தவர்களையும் கிடைக்காதவர்களையும் ஒப்பிட முடிந்தது. பட்டறைக்கு வந்தவர்களுக்கு முன்னணி இதழ்களில் கட்டுரையும் ஆராய்ச்சி நிதியும் கிடைக்கும் வாய்ப்பு கூடியிருந்ததை 2010இல் வந்த முடிவு காட்டியது. அவர்கள் கல்விப்புலத்திலேயே நீடித்ததும், உயர்ந்த துறைகளில் நிரந்தரப் பணி பெற்றதும் அதிகம் என்று 2020இல் வந்த முடிவு சொன்னது. இரண்டு நாள் பேச்சும் அதன் வழியே அமைந்த சிறு குழுவும் இவ்வளவு செய்ய முடிந்தது. எழுதவும் முடியும் என்பதற்கு வில்லியம் தாம்சன் 2001இல் இளம் பொருளியலாளருக்கு எழுதிய கையேடும், மார்க் பெல்மேர் 2022இல் எழுதிய ‘டூயிங் எகனாமிக்ஸ்’ நூலும் சாட்சி.

சொல்லில் அடங்காத பங்கு ஒன்று இருப்பது உண்மை. சலாபம் எனப்படும் முத்துக் குளிப்பில் துளையிட்ட பித்தளைச் சல்லடைகளில் முத்துக்களைச் சலித்து அளவு வாரியாகப் பிரித்தார்கள். மஞ்சாடிக் கணக்கில் நிறுத்தார்கள். ஜேம்ஸ் ஹார்னெல் மன்னார் வளைகுடா முத்துப் பார்களைப் பற்றி 1905இல் அறிக்கையே எழுதினார். ஆயினும் முதல்தரமான ஆணிமுத்து எது, அதற்கு ஒரு படி கீழே வைக்க வேண்டியது எது என்பதை உருட்சியும் ஒளியும் பார்த்துத் தீர்ப்பது வியாபாரியின் கண்தான். நல்ல ஆய்வுக் கேள்வியை இனங்காண்பதும் அப்படிப்பட்டதே. அது பழகித்தான் வரும். ஆனால் அதைக் காட்டி, கடிதத்தைப் படிக்கும் முறையையும் சொல்லித் தராமல் விடுவது நியாயமில்லை. கண்ணின் பழக்கம் எழுத்தில் அடங்காது என்பதற்காகச் சலாபத்தில் யாரும் சல்லடையை ஒளித்து வைக்கவில்லை.

இவை அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் கவலை, தூத்துக்குடி வ.உ.சி. கல்லூரியில் படித்து நெல்லையிலோ சென்னையிலோ ஆய்வுக்குச் சேரும் மாணவருக்கு எதற்கு என்பாரும் உண்டு. உண்மையில் இங்கே இழப்பு இன்னும் கூடுதல். முனைவர் பட்ட ஆய்வேட்டைத் தருமுன் ஒரு கட்டுரையாவது வெளியாகியிருக்க வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழுவின் 2016ஆம் ஆண்டு விதி சொன்னது. நல்ல இதழை எப்படி அறிவது என்று சொல்லிக் கொடுக்கத்தான் ஆளில்லை. காசு வாங்கிக்கொண்டு எதையும் அச்சேற்றும் போலி இதழ்கள் அந்த இடைவெளியில் புகுந்தன. மானியக் குழு தானே ஏற்றிருந்த பட்டியலிலிருந்து 4,305 இதழ்களை 2018 மே மாதம் நீக்கியது. கட்டாய வெளியீட்டு விதியை 2022இல் கைவிட்டது. நடுவே அந்த இதழ்களுக்குக் கல்வி உதவித்தொகையிலிருந்து பணம் கட்டியவர்களின் பெயருக்குப் பின்னால் அந்தக் கட்டுரைகள் இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. அமெரிக்கன் எகனாமிக் ரிவ்யூ போன்ற இதழ் படித்துப் பார்ப்பதற்கே கட்டணம் வாங்கும், ஏற்பதற்கு உறுதி தராது. எகனாமிக் அண்ட் பொலிடிகல் வீக்லி காசு கேட்பதில்லை. மூன்றே நாளில் ஏற்றுக்கொண்டு உடனே பணம் கேட்டால் அது இதழே அல்ல. இதை ஒரு மாணவரிடம் சொல்லி முடிக்க ஐந்து நிமிடம் ஆகாது.

துறைகள் செய்யக்கூடியது எளிது. ஆசிரியர்கள் தங்களுக்கு வந்த நிராகரிப்புக் கடிதங்களையும் மதிப்புரைகளையும், தாங்கள் எழுதிய பதில்களையும், அனுப்பியவர் பெயரை மறைத்து, துறை நூலகத்தில் ஒரு கோப்பாக வைக்கலாம். முதலாண்டு மாணவர்களை உட்கார வைத்து அவற்றில் இரண்டை வரிவரியாக வாசித்துக் காட்டலாம். அந்த வாசிப்பு தமிழில் நடக்க வேண்டும். ஆங்கிலக் கடிதத்தின் பணிவான வாசகங்களுக்குள் மறுப்பு எது, அழைப்பு எது என்று தயங்கும் மாணவர், அந்தச் சந்தேகத்தைக் கூசாமல் கேட்பது தமிழில்தான்.