கொத்தலனோலும் கோணேசபுரியும்

இரவில் மரக்கோப்பை ஒன்றில் தண்ணீரை ஊற்றி வைத்து, விடிந்ததும் வெறுவயிற்றில் குடிப்பது இலங்கையில் நீரிழிவுக்காரர் பலரின் பழைய வழக்கம். கோப்பை, கொத்தல ஹிம்புட்டு என்ற கொடியின் கட்டையில் கடைந்தது. காலையில் தண்ணீரில் செம்மை ஏறியிருக்கும். இந்தச் செடியையும் இதன் உறவுகளையும் சித்த வைத்தியர்கள் பொன்கொரண்டி என்பார்கள்.

அந்தத் தண்ணீரில் வேலை செய்வது எது என்று முதலில் பிரித்துக் காட்டியது கொழும்போ பேராதனையோ அல்ல. 1997இல் சலாசினோல், அடுத்த ஆண்டு கொத்தலனோல் என இரண்டு பொருள்களை இனங்கண்டது யப்பானில் மசயுகி யொசிக்காவாவின் குழு. மாச்சத்தைக் குளுக்கோசாக உடைக்கும் குடல் நொதியத்துக்குள் இவை போய்ப் பூட்டுப்போல அடைத்துக்கொள்வதால், சோறு சாப்பிட்ட கையோடு இரத்தத்தில் சீனி ஏறுவது தணிகிறது. கொத்தலனோலின் முழு வடிவம் மட்டும் பத்தாண்டுக்கு மேல் பிடிகொடுக்கவில்லை. 2009இல் கனடாவின் சைமன் பிரேசர் பல்கலைக்கழகத்தில் மாரியோ பிண்டோவின் குழு அதை ஆய்வுகூடத்தில் கட்டியெழுப்பி, வடிவத்தை உறுதிசெய்தது. அந்தக் கட்டுரையை எழுதியோரில் தமிழ்ப் பெயர்களும் உண்டு. செடி நம்முடையது, ஆய்வாளரிலும் நம்மவர் உண்டு, ஆய்வுகூடம் மட்டும் கடல் கடந்து இருந்தது.

சேதன இரசாயனத்தில் கலாநிதிப் பட்டம் என்பது பெரும்பாலும் இப்படிப்பட்ட பொறுமைதான். சிலிக்கா நிரப்பிய கண்ணாடிக் குழாயிலிருந்து துளித்துளியாக வடிவதைச் சோதனைக் குழாய்களில் பிடித்து, ஒவ்வொன்றிலும் ஒரு பொட்டைத் தட்டில் இட்டு, புறஊதாக்கதிர் விளக்கின் கீழ் பார்க்க வேண்டும். தேடிய பொட்டு தெரியாத மாதங்களே அதிகம்.

இந்தத் துறையின் போக்கையே நொதியங்கள் மாற்றி வருகின்றன. நீரிழிவுக்கே கொடுக்கப்படும் சிற்றாகிளிப்டின் மாத்திரையை எடுத்துக்கொள்ளலாம். அதன் மூலப்பொருளை ஆக்கும் ஒரு முக்கிய படிக்கு ரோடியம் என்ற விலையுயர்ந்த உலோகமும் உயர் அழுத்த ஐதரசனும் தேவைப்பட்டன. மேர்க், கொடெக்சிஸ் நிறுவனங்களின் ஆய்வாளர்கள் ஒரு பக்டீரிய நொதியத்தை எடுத்து, தலைமுறை தலைமுறையாக மாற்றித் தேர்ந்தெடுத்து, அந்த வேலைக்குப் பழக்கினார்கள். தொடக்கத்தில் அது இந்த மூலக்கூறைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. 2010இல் வெளியான முடிவில் விளைச்சல் 10 முதல் 13 வீதம் கூடியிருந்தது, கழிவு 19 வீதம் குறைந்திருந்தது. நொதியங்களை இப்படி வளர்த்தெடுக்கும் முறைக்காகவே பிரான்சிஸ் ஆர்னோல்டுக்கு 2018இல் நோபல் பரிசில் பாதி கிடைத்தது.

திருகோணமலையிலிருந்து நிலாவெளி வீதியில் சாம்பல்தீவைத் தாண்டினால் கோணேசபுரி. கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகம் அங்கேதான் இருக்கிறது. சித்த மருத்துவமும் பிரயோக விஞ்ஞானமும் ஒரே மதிலுக்குள் கற்பிக்கப்படும் இடம் அது. மூலிகையை அறிந்தவரும் ஆய்வுக்கருவியை அறிந்தவரும் ஒரே மேசையில் தேநீர் குடிக்கக்கூடிய வளாகங்கள் எத்தனை உண்டு? மருந்துச் செடியில் நொதியத் தடுப்பான்களைத் தேடும் கலாநிதி ஆய்வுக்கு இதைவிடப் பொருத்தமான இடத்தைத் தேடி அலைய வேண்டியதில்லை.

"மருந்து வாங்கவே காசில்லாத நாட்டில் ஆய்வு எதற்கு?" என்ற கேள்வி வரும். 2022 மார்ச்சில் மருந்துத் தட்டுப்பாட்டால் பேராதனை போதனா வைத்தியசாலையில் வழமையான சத்திரசிகிச்சைகள் நிறுத்தப்பட்டதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். ஆனால் இங்கே அடிக்கும் மாத்திரைகளுக்கும் மூலப்பொருள் பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்தே வருகிறது. டொலர் தீர்ந்தால் மாத்திரையும் தீரும் என்ற நிலைக்கு அதுவும் ஒரு காரணம். மூலப்பொருளை ஆக்கத் தெரிந்தவர்கள் ஆய்வுகூடத்தில்தான் உருவாக முடியும்.

வசதியில்லை என்பதும் முழுக் காரணமாகாது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தில் பேராசிரியர்கள் க. பாலசுப்பிரமணியமும் வசந்தி அரசரட்ணமும் மாச்சத்தை நொதியங்களால் குளுக்கோசாக்கும் ஆய்வை நடத்தியது போர்க்காலத்தில்.

கோணேசபுரியில் ஒரேயடியாகப் பெரிய நிலையம் கேட்க வேண்டியதில்லை. இரண்டு கலாநிதி மாணவருக்கு முழுநேர உதவித்தொகை, கருவி வேலைக்கு யாழ்ப்பாணத்துடனும் பேராதனையுடனும் ஓர் ஒப்பந்தம், சித்த பீடத்திலிருந்து ஓர் இணை வழிகாட்டி. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு அடுத்த வரவு செலவுத் திட்டத்துக்கு முன் இதற்கு ஒரு பதில் சொல்லட்டும்.