மூப்பர் எனப்படும் பதினெட்டு வயது

தமிழ் இலக்கிய வரலாற்றுப் பாடத்தில் 'ஐரோப்பியர் தமிழ்ப்பணி' என்றொரு பகுதி உண்டு. சீகன்பால்கு, வீரமாமுனிவர், கால்டுவெல், போப் என்று பெயர்கள் வரிசையாக வரும். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே நூற்பட்டியல் நிற்கும். மாணவர் மனனம் செய்து மதிப்பெண் பெறுவர். வகுப்பறைக்கு வெளியே நடக்கும் விவாதமோ வேறு. ஒரு சாரார் இவர்களைத் தமிழ்த் தொண்டர்களாக்கிச் சிலை வைப்பர். மறு சாரார் மதமாற்றிகள் என்ற ஒற்றைச் சொல்லில் முடித்துவிடுவர். இரு சாராரும் கேட்காத கேள்வி ஒன்று உண்டு. அந்த அயலூர் இளைஞன் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் என்ன செய்துகொண்டிருந்தான்?

இக்கேள்வியை எழுப்பத் தூண்டியவர்கள் இன்றைய மார்மோன் இளைஞர்கள். 1830இல் அமெரிக்காவில் ஜோசப் ஸ்மித் தொடங்கிய 'பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை' இன்று உலகெங்கும் 70,000க்கும் மேற்பட்ட ஊழியர்களை அனுப்பியிருக்கிறது. அவர்களில் மிகப் பலர் இருபதைச் சுற்றிய வயதினர். ஆண்களுக்கான தகுதி வயது 2012இல் பத்தொன்பதிலிருந்து பதினெட்டாகக் குறைக்கப்பட்டது. எந்த நாடு, எந்த மொழி என்பதைத் தலைமையகம் முடிவு செய்கிறது, இளைஞன் தேர்ந்துகொள்வதில்லை. ஊதியம் கிடையாது, செலவில் பெரும்பகுதி அவனுடையது, அல்லது குடும்பத்தினுடையது. வெள்ளைச் சட்டை, கழுத்துப்பட்டை, மார்பில் கறுப்புப் பெயரட்டை. மீசை சரியாக அரும்பாத அந்தப் பையனுக்கு 'எல்டர்', அதாவது மூப்பர், என்று பட்டம்.

அவனுடைய வாரம் அச்சடித்தாற்போன்றது. வழமையான ஒழுங்கின்படி காலை ஆறரைக்கு எழ வேண்டும். இரவு பத்தரைக்கு விளக்கணைக்க வேண்டும். முற்பகலில் மறைநூல் வாசிப்பு, துணைவனோடு கூடிப் படிப்பு, அயல்மொழிப் பயிற்சி. பிறகு தெருத்தெருவாக நடையும், கதவு தட்டலும், மறுப்புக் கேட்டலும். துணைவனை விட்டுத் தனியே எங்கும் போகலாகாது. காதலுக்கு இரண்டாண்டு விடுப்பு. வாரத்தில் ஒரு நாள் துணி துவைக்கவும், காய்கறி வாங்கவும், வீட்டுக்கு எழுதவும் ஒதுக்கப்பட்டிருக்கிறது. பெற்றோரோடு வாராவாரம் தொலைபேசியில் பேசும் அனுமதியே 2019 பிப்ரவரியில்தான் வந்தது. அதற்கு முன் ஆண்டுக்கு இரண்டொரு அழைப்புகளே. கடவுளை விட்டுவிட்டுப் பார்த்தால், சிங்கப்பூருக்கும் வளைகுடாவுக்கும் போன நம் பிள்ளைகளின் வாரத்துக்கும் இதற்கும் உள்ள தூரம் அதிகமில்லை.

இச்சபையார் தமிழ் மண்ணுக்குப் புதியவர்களும் அல்லர். 1853இல் ரிச்சர்ட் பாலன்டைன் என்பவர் தோழர்களுடன் சென்னைக்கு வந்தார். அவர்களுடைய பிரசங்கம் பெரிதும் இங்கிருந்த ஐரோப்பியரிடையேதான் நடந்தது. ஏறக்குறைய ஓராண்டில், 1854இல், அவர் திரும்பிச் சென்றார். தமிழில் அவ்வருகை ஒரு சுவடும் பதிக்கவில்லை. ஒரு நூற்றாண்டுக்கும் பிறகு, 1965இல் கோயம்புத்தூரில் எஸ். பால் திருத்துவதாஸ் ஞானஸ்நானம் பெற்றபோதுதான் இங்கே அச்சபைக்கு ஒரு தமிழ்க்குரல் கிடைத்தது.

இதற்கு எதிர்முனையில் சீகன்பால்கை வைத்துப் பார்க்கலாம். 1706 ஜூலை 9இல் தரங்கம்பாடியில் இறங்கியபோது அவருக்கு இருபத்துநான்கு நிறைய ஒரு நாள் பாக்கி. திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு அமர்ந்து மணலில் எழுத்துப் பயின்றவர். ஊருக்கு எழுதிய மடல்களில் தம் நாளை மணிக்கணக்காக விவரித்திருக்கிறார். காலை ஏழு முதல் எட்டு வரை முன்பு குறித்துவைத்த சொற்களைத் திரும்பச் சொல்லுதல், எட்டு முதல் பன்னிரண்டு வரை ஒரு முதிய புலவரும் ஓர் எழுத்தரும் உடனிருக்கப் புதிய தமிழ்ச் சுவடிகளை வாசித்தல், பிற்பகலிலும் வாசிப்பு, இரவில் பிறர் படிக்கக் கேட்டல். போதிக்க வந்தவருடைய நாளில் பெரும்பகுதி கேட்பதிலேயே கழிந்திருக்கிறது! 1708இல் அவர் தொகுத்த சுவடிப் பட்டியலும், 1713இல் தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றி எழுதிய நூலும் அந்தக் காலை நேரங்களின் விளைச்சல். ஹாலேயிலிருந்த பிராங்கே அத்தெய்வ நூலை அச்சிட மறுத்தார். புறச்சமயத்தை ஒழிக்கப் போனவர்கள் அதன் கட்டுக்கதைகளை ஐரோப்பாவில் பரப்புவதா என்பது அவர் வாதம். நூல் 1867இல்தான் சென்னையில் அச்சேறியது.

இவர்களெல்லாம் தமிழ்மேல் காதல் கொண்டா வந்தார்கள் என்று நண்பர்கள் கேட்கக்கூடும். இல்லை, மதம் மாற்றத்தான் வந்தார்கள். நம் வழிபாட்டை இழித்தும் பேசினார்கள். காலனி அரசுகளின் நிழலில்தான் குடியிருந்தார்கள். இவற்றை மறைத்துச் செய்யும் பாராட்டு பொய்ப் பாராட்டு. ஆனால் நோக்கத்தை மட்டும் எடைபோட்டால் பாலன்டைனும் சீகன்பால்கும் ஒரே தட்டில் நிற்பார்கள். அவர்களைப் பிரித்துக் காட்டுவது அன்றாடம். ஆகவே ஒரு மதபோதகரை மதிப்பிட நாம் முன்வைக்கும் அளவுகோல் எளியது. அவர் வாரத்தில் பேசிய மணிகள் எத்தனை, கேட்ட மணிகள் எத்தனை?

விருத்தாசலத்தை அடுத்த நம் பெண்ணாடத்தில் இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. திருத்தூங்கானைமாடம் என்று தேவாரம் போற்றும் இவ்வூர், மதம் மாறுதலை நேரில் கண்ட ஊர். சமணத்திலிருந்து மீண்ட அப்பர், அந்தச் சமயத்தில் கிடந்த உடம்போடு வாழ விரும்பாமல், சூலக்குறியும் இடபக்குறியும் தம்மேல் பொறிக்க வேண்டிப் பெற்றது இங்கேதான் என்கிறது பெரியபுராணம். வாசலில் வந்து நிற்கும் அடியாரைக் கடவுளாகவே கண்ட கலிக்கம்பரும் இவ்வூரினர். முன்பு தம் வீட்டில் ஏவல் செய்தவர் அடியார் கோலத்தில் வந்தபோது, கால் கழுவ நீர் வார்க்கத் தயங்கிய மனைவியின் கையை அவர் வெட்டினார். வந்தவரிடம் பழைய ஏவலாளைப் பார்க்காத கண் போற்றத்தக்கது. அதே கண் உடனிருந்த பெண்ணின் தயக்கத்தை ஒரு கணமும் பொறுக்கவில்லை. பக்தி வேகம் எவரிடமிருந்து எதைப் பறிக்கும் என்பதற்கு அயல்நாட்டு உதாரணம் தேட வேண்டியதில்லை.

மெய்கண்டாரும் பெண்ணாடத்தில் பிறந்தவரே. அவருடைய பன்னிரு சூத்திரச் சிவஞானபோதத்தை ஆங்கிலத்தில் பெயர்த்து 1854இல் அமெரிக்கக் கீழைத்தேயக் கழக இதழில் வெளியிட்டவர், யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டை செமினரியில் பணிபுரிந்த ஹாய்சிங்டன் என்னும் அமெரிக்கப் பாதிரியார். பாலன்டைன் சென்னையை விட்டுப் போன அதே ஆண்டு! ஓர் அமெரிக்கர் தம் நூலோடு வந்து வெறுங்கையாகத் திரும்பினார். இன்னோர் அமெரிக்கரால் பெண்ணாடத்துப் பிள்ளை கடல் கடந்தார்.

கேட்கும் கடமை வந்தவருக்கு மட்டும் உரியதா? வாசலுக்கு உள்ளே நிற்கும் நமக்கும் அது உண்டு. சீகன்பால்கும் கிரண்ட்லரும் அனுப்பிய கேள்விகளுக்குத் தமிழர் எழுதிய 99 மடல்கள் 1714இலும் 1717இலும் ஹாலேயில் ஜெர்மனில் அச்சாயின. அம்மடல்களில் நம்மவர் பணிந்துபோகவில்லை. கிறித்தவரின் உணவையும் ஒழுக்கத்தையும் பற்றித் திருப்பிக் கேட்டார்கள், தம் வழிபாட்டின் நியாயத்தை நிதானமாக எடுத்துரைத்தார்கள். வசைபாடாமல் மறுக்கும் அந்தக் கலை நம்மிடம் இருந்தது. இன்று கதவு தட்டும் இளைஞனிடம் ஒன்று வெடுக்கென்று சாத்துகிறோம், அல்லது சதி பேசுகிறோம். அவன் நூலில் என்ன இருக்கிறது என்பதும் நமக்குத் தெரியாது. நம் வாசலிலிருந்து சிவஞானபோதத்தின் ஒரு சூத்திரத்தையேனும் விளக்கிச் சொல்ல எத்தனை பேரால் முடியும்?

பாடத்திட்டம் வகுப்போருக்கு நம் வேண்டுகோள் இதுதான். நூற்பட்டியலின் இடத்தில் அந்த மடல்களிலிருந்து சில பக்கங்களை வையுங்கள், சீகன்பால்கு வரைந்த நாளொழுங்கையும் அந்தத் தமிழர் எழுதிய மறுப்பையும் அருகருகே. அங்கே மாணவன் சிலையையும் சதிகாரனையும் காண மாட்டான். ஏறக்குறையத் தன் வயதுள்ள, வீட்டை நினைத்து ஏங்கிய, மணலில் 'அ' எழுதிப் பழகிய ஒருவனைக் காண்பான். அவனுக்கு விடை சொல்லத் தெரிந்த நம் முன்னோரையும் காண்பான். ஐந்து மதிப்பெண்ணுக்கு அடங்காத பாடம் அது. மதமாற்றத்தை எதிர்ப்பவரும் ஆதரிப்பவரும் அதைப் படித்த பின்னர் வாதிட்டால், வாதத்தின் தரம் உயரும் என்றே நமக்குப் படுகிறது.