எத்தனை நாள் வேலை?

2025 நவம்பரில் இலங்கை அரசாங்கம் பாராளுமன்றத்தில் வைத்த வரவு செலவுத் திட்டம், தோட்டத் தொழிலாளரின் 1,350 ரூபா நாட்சம்பளத்தை 1,550 ரூபா ஆக்கி, வருகைக் கொடுப்பனவாக நாளொன்றுக்கு 200 ரூபாவை அரசே அளிக்கும் என மொழிந்தது. நன்று. ஆயினும் எதிர்க்கட்சியினர் வினவவேண்டுவது ஒன்றுண்டு: தோட்டம் மாதத்தில் எத்தனை நாள் வேலை கொடுக்கும்? வேலையில்லா நாளில் சம்பளமுமில்லை, கொடுப்பனவுமில்லை; கொழுந்து குறைந்தாலோ ‘அரைப்பேர்’ எனும் அரைநாட் சம்பளமே.

1947இல் எழுவரைத் தேர்ந்து அனுப்பிய மலையக மக்கள், 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் குடியுரிமையும் அதன்பின் வாக்கும் இழந்தனர். 1977இல்தான் அவர்தம் வாக்கு மீண்டும் ஒருவரைத் தேர்ந்தனுப்பியது. அட்டனிலும் நுவரெலியாவிலும் இன்று எழும் வினா அவ்வாறு மீண்ட வாக்கின் பயனன்றோ? நாட்கணக்கோடு விடையிறுத்தல் ஆள்வோர் கடன். அவ்விடை பெறாது அமைதல் எதிர்க்கட்சிக்கு இழுக்கு.