வடை, ஆரஞ்சு, கதவு

அன்புள்ள வாசகர்களுக்கு,

தீபாவளி மலர் கடைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டால், எங்கள் அலுவலகம் கல்யாணம் முடிந்த வீடு மாதிரி ஆகிவிடும். ஆள் நடமாட்டம் குறையும். அச்சகத்திலிருந்து தொலைபேசி வராது. விளம்பரத்தை எந்தப் பக்கத்தில் போட்டீர்கள் என்று யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள். வெளியே ஐப்பசி மழை. இந்த ஆண்டு அந்த ஓய்வைக் கதைகளுக்கென்றே ஒதுக்கினேன்.

புதிதாக எதுவும் வாங்கவில்லை. அலமாரியில் இருக்கும் பழைய தொகுப்புகள், அதிலும் முன்பே படித்த கதைகள்தான். ஓர் இரவுக்கு ஒரே கதை. அது நாலு பக்கமானாலும் சரி, நாற்பது பக்கமானாலும் சரி, முடித்துவிட்டு அடுத்ததைத் தொடக்கூடாது. இந்தக் கட்டுப்பாடு வேறு யாருக்கும் தேவைப்படாது. பத்திரிகையில் உட்கார்ந்திருப்பவனுக்குத் தேவை. எங்களுக்குப் படிப்பு என்பதே சலிப்பதும் புடைப்பதுமாகப் போய்விட்டது. இரண்டாம் பக்கம் வருவதற்குள் ‘எடுக்கலாமா, வேண்டாமா’ என்று கை பரபரக்கும். புதுமைப்பித்தனையும் ஜானகிராமனையும் எடுக்கலாமா வேண்டாமா என்று என்னை யாரும் கேட்கப்போவதில்லை. அந்த நிம்மதியோடு படித்தேன்.

முதலில் கையில் வந்தது அசோகமித்திரனின் ‘எலி’. வீட்டில் எலித்தொல்லை. கணேசன் எலிப்பொறியில் வைக்க வடை வாங்கப் போகிறார். அதற்குமேல் ‘சம்பவம்’ என்று பெரிதாக ஒன்றுமில்லை. எலி அகப்படுகிறது. காலையில் மைதானத்துக்கு எடுத்துப்போய்த் திறந்துவிடுகிறார். ஒரு பறவை அதைக் கொண்டுபோய்விடுகிறது. பிறகு பொறிக்குள் பார்த்தால் வடை அப்படியே இருக்கிறது. எலி அதைத் தின்னவே இல்லை. கதை அங்கே நின்றுவிடுகிறது. கணேசன் கலங்கினார், உலகத்தின் கொடுமையை நினைத்தார் என்றெல்லாம் ஆசிரியர் நம் காதில் ஓதுவதில்லை. வடையைக் காட்டிவிட்டு நகர்ந்துகொள்கிறார். முன்பு படித்தபோது எலிக்காக வருத்தப்பட்டது நினைவிருக்கிறது. இந்தத் தடவை அந்த வடையைத்தான் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். உயிரையே வாங்கிய வடை, தின்னப்படக்கூட இல்லை.

அதற்குப் பிறகு ஒவ்வொரு கதையிலும் என் கண் அந்த மாதிரிப் பொருள்களைத் தேட ஆரம்பித்துவிட்டது. தி. ஜானகிராமனின் ‘சிலிர்ப்’பில் ஒரு ஆரஞ்சுப் பழம். பாசஞ்சர் ரயிலில் அப்பாவோடு வரும் சின்னப் பையன் தனக்கென்று அதைப் பத்திரமாக வைத்திருக்கிறான். எதிரே, வீட்டு வேலைக்காகக் கல்கத்தாவுக்குக் கூட்டிப்போகப்படும் ஒரு சிறுமி. பெரியவர்கள் அவளைப் பார்த்துப் பரிதாபப்பட்டுப் பேசிக்கொண்டே வருகிறார்கள். இறங்கும்போது பழம் கைமாறுகிறது. ஏழ்மை, குழந்தைத் தொழில், கருணை என்று பெரிய சொற்களால் எழுதக்கூடிய அத்தனையும் அந்த ஒரு பழத்தில் ஏறி உட்கார்ந்துகொள்கின்றன. பழத்தின் விலை காலணாவோ அரையணாவோ, அது வேறு விஷயம்.

அதே ஜானகிராமனின் ‘பாயசம்’ இன்னொரு திசை. சொந்த அண்ணன் மகனின் செழிப்பைக் கண்டு வயிறெரியும் சாமநாது, அவன் வீட்டுக் கல்யாணத்துக்காகக் காய்ச்சி வைத்த பாயச அண்டாவைக் கவிழ்த்துவிடுகிறார். அதற்கு ஒரு காரணமும் கற்பித்துக் கூச்சல் போடுகிறார். பொறாமையைப் பற்றி எத்தனையோ கட்டுரை படித்திருக்கிறோம், பிரசங்கம் கேட்டிருக்கிறோம். தரையில் ஓடும் அந்தப் பாயசத்தின் முன்னால் எல்லாம் வெளிறிப்போகிறது. ஆரஞ்சைக் கொடுத்த கையும் அண்டாவைச் சாய்த்த கையும் ஒரே எழுத்தாளரின் பேனாவிலிருந்து வந்தவை என்பதை மறந்துவிட்டு ஜானகிராமனை ‘மென்மையான எழுத்தாளர்’ என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

இடைசெவல்காரர்கள் இருவரையும் அடுத்தடுத்த இரவுகளில் படித்தேன். கு. அழகிரிசாமியும் கி. ராஜநாராயணனும் 1923இல் ஒரே ஊரில் பிறந்த தோழர்கள். கி.ரா.வின் ‘கதவு’ உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். குழந்தைகள் கதவில் தொற்றிக்கொண்டு பஸ் விளையாடுகிறார்கள். தீர்வை பாக்கிக்காகத் தலையாரி வந்து அந்தக் கதவைக் கழற்றிக்கொண்டு போகிறார். கதவில்லாத வீட்டுக்குள் வாடை புகுந்து கைக்குழந்தை இறந்துபோகிறது. பின்னால் ஒருநாள், கேட்பாரற்றுக் கிடக்கும் அந்தக் கதவைப் பிள்ளைகள் கண்டுபிடித்துக் கட்டிக்கொள்கிறார்கள். ஜப்தி என்ற அரசாங்க நடவடிக்கையைப் பற்றி ஒரு வரிகூட விமர்சனம் கிடையாது. விளையாட்டுப் பொருளாக வந்த கதவு வீட்டின் மானமாகவும் உயிராகவும் மாறி, கடைசியில் மறுபடியும் குழந்தைகளிடமே வந்து சேர்கிறது.

அழகிரிசாமியின் ‘அன்பளிப்பு’ எனக்கு இன்னும் கொஞ்சம் நெருக்கம். அதில் கதை சொல்பவரும் என்னைப் போலப் பத்திரிகைத் தொழிலில் இருப்பவர். அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் புத்தகத்துக்காக அவர் வீட்டை மொய்க்கிறார்கள். இரண்டு பிள்ளைகளுக்கு டைரி அன்பளிப்புச் செய்கிறார். சாரங்கன் என்ற பையனுக்குக் கொடுக்கவில்லை. அவன் மீது அவருக்குக் கோபமில்லை, வெறுப்பில்லை. அவனை அவர் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை, அவ்வளவுதான். அந்தப் பையன் தானே ஒரு டைரியைத் தேடி வைத்துக்கொண்டு, அவரை வீட்டுக்கு அழைத்து, அதில் தன் பெயருக்கு ‘அன்பளிப்பு’ என்று எழுதித் தரச்சொல்கிறான். நம்மிடம் இருக்கிறது என்றே நமக்குத் தெரியாத ஒரு பொருளைக் கேட்டு ஒரு பிள்ளை நிற்பதைப் போலக் கூச வைப்பது வேறொன்றில்லை. இந்தப் பெயரில் வந்த தொகுப்புக்குத்தான் 1970ஆம் ஆண்டின் சாகித்ய அகாதெமி விருது கிடைத்தது. அதை வாங்கிக்கொள்ள அழகிரிசாமி உயிரோடு இல்லை.

கு. ப. ராஜகோபாலனின் ‘விடியுமா?’வில் பொருள் ஒரு தந்தி. கணவனின் உயிருக்கு ஆபத்து என்று வந்த தந்தியைக் கையில் வைத்துக்கொண்டு அக்காவும் தம்பியும் கும்பகோணத்திலிருந்து சென்னைக்கு இரவு ரயிலில் வருகிறார்கள். வழி நெடுக நம்பிக்கையும் பயமும் மாறிமாறி வந்து உட்கார்கின்றன. கு.ப.ரா. கண் பார்வை மங்கி அரசாங்க வேலையை இழந்தவர். பார்வை சரியில்லாத காலத்தில் அவர் சொல்லச்சொல்ல எழுதியவர் தங்கை சேது அம்மாள். பின்னாளில் அவரும் எழுத்தாளரானார். உடன்பிறந்தவர்கள் இருவர் இரவெல்லாம் பேசியும் பேசாமலும் விடியலை நோக்கிப் போவதை இவ்வளவு நுணுக்கமாக எழுதியவரின் வீட்டில் இப்படியொரு தங்கை இருந்தார் என்பதை அறிந்துகொண்டு படிப்பது தனி அனுபவம். இரண்டுக்கும் முடிச்சுப் போடவேண்டிய அவசியமில்லை.

அம்பையின் ‘வீட்டின் மூலையில் ஒரு சமையலறை’யில் பொருள் ஒரு துணிக்கொடி. அஜ்மீரில் பெரிய குடும்பம், பெரிய வீடு, ஓர் ஓரத்தில் வெளிச்சம் போதாத சமையலறை. மருமகள் மீனாட்சி அதைக் கொஞ்சம் வசதியாக்கலாம் என்று யோசனை சொல்கிறாள். யாரும் அவளைத் திட்டவில்லை. சில நாளில் வெராந்தாவில் கொடி கட்டப்படுகிறது. காயும் துணிகள் எதிரே தெரிந்த மலையை மறைத்துவிடுகின்றன. பெண்ணுக்குப் பதில் சொல்ல ஒரு குடும்பம் எப்படியெல்லாம் வழி கண்டுபிடிக்கிறது என்பதற்கு இதைவிடக் கச்சிதமான காட்சியை நான் வேறெங்கும் படித்ததில்லை.

எல்லாக் கதையும் இப்படித்தான் இயங்கவேண்டும் என்று ஒரு சட்டம் போட்டுவிட நினைத்த சமயத்தில் மௌனி குறுக்கே வந்தார். மொத்தமே இரண்டு டஜன் கதைகள் அளவுக்குத்தான் எழுதியவர். அவரிடம் கையில் எடுத்துப் பார்க்கிற பொருள் அநேகமாக அகப்படாது. வெளிச்சமும் நிழலும் ஒரு பாட்டின் சுருதியும்தான் உண்டு. சில இரவுகளில் அவர் என்னை உள்ளே விட்டார். சில இரவுகளில் விடவில்லை. புரியவில்லை என்று சொல்ல வெட்கப்பட வேண்டிய எழுத்தாளர் அல்ல அவர்.

ஜெயகாந்தன் வேறு மாதிரி இடக்கு செய்கிறார். அவரிடம் பாத்திரங்கள் வாதாடுகின்றன, ஆசிரியரும் கூடச் சேர்ந்து வாதாடுகிறார். பொருளை வைத்துவிட்டு நகரும் பொறுமை அவருக்குக் கிடையாது. ஆனால் ‘அக்னிப் பிரவேச’த்தில் அவரே அதைச் செய்திருக்கிறார் பாருங்கள். மழையில் கார்க்காரன் ஒருவனால் கெடுக்கப்பட்டு வீடு திரும்பும் பெண்ணின் தலையில் தாய் தண்ணீரைக் கொட்டுகிறாள். அவ்வளவில் அழுக்குப் போயிற்று என்கிறாள். 1966இல் ஆனந்த விகடனில் வந்த இந்தக் கதைக்கு எழுந்த எதிர்ப்பையும் வரவேற்பையும் அந்தத் தலைமுறை வாசகர்கள் இன்னமும் பேசுவார்கள். தாய் அப்படிச் செய்திருக்கலாமா என்று தமிழ்நாடே பட்டிமன்றம் நடத்தியது. ஜெயகாந்தன் அதற்குக் கொடுத்த பதில் ஒரு நாவல். அந்தத் தாய் தண்ணீரைக் கொட்டாமல், ஊரைக் கூட்டிக் கதறியிருந்தால் அந்தப் பெண் என்ன ஆகியிருப்பாள் என்று யோசித்து ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ எழுதினார். அந்த நாவலுக்குள் நாயகி கங்கா ஒரு பத்திரிகையில் ‘அக்னிப் பிரவேசம்’ என்ற கதையைப் படிக்கிறாள். அதை எழுதிய ஆர்.கே.வி. என்ற எழுத்தாளரும் ஒரு பாத்திரமாக வருகிறார். 1972ஆம் ஆண்டின் சாகித்ய அகாதெமி விருதும் அதற்கு வந்தது.

வாசகர் கடிதங்களைப் பிரித்து அடுக்குகிற வேலையில் இருப்பவன் என்ற முறையில் இந்த வரலாற்றை நான் கொஞ்சம் பொறாமையோடுதான் படிக்கிறேன். ஒரு சிறுகதைக்கு எதிராக வாசகர்கள் எழுந்தார்கள், அதிலிருந்து தமிழின் முக்கியமான ஒரு நாவல் பிறந்தது. இப்போது எங்களுக்கு வரும் கடிதங்களில் ‘கதை அருமை, நெஞ்சைத் தொட்டது’ என்பதுதான் அதிகம். நன்றிதான். ஆனால் எங்களோடு சண்டை போடவும் உங்களுக்கு உரிமை உண்டு.

புதுமைப்பித்தனைக் கடைசியில் வைத்திருந்தேன். ‘கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்’ கதையில் பிள்ளை வைத்தியப் பத்திரிகை நடத்துகிறவர் என்பது நினைவிருக்கிறதா? சென்னை வீதியில் நேருக்கு நேர் வந்து நிற்கும் கடவுளிடம் அவர் மோட்சம் கேட்கவில்லை. பத்திரிகைக்குச் சந்தா கேட்கிறார். எங்கள் தொழிலைப் பற்றி இவ்வளவு உண்மையாக எழுதப்பட்ட வேறு கதை கிடையாது. எழுதிய கதைகளுக்குப் பெரிய வருமானம் எதுவும் பார்க்காமல் 42 வயதில் 1948இல் திருவனந்தபுரத்தில் காலமானவர் அதை எழுதினார் என்பதை மறந்துவிட்டுச் சிரிக்க முடிவதுதான் அவருடைய வெற்றி. தமிழ்ச் சிறுகதை சந்தாதாரர்களை நம்பி வளர்ந்த கலையில்லை. ‘மணிக்கொடி’ இதழ் பணமுடையிலேயே வாழ்ந்து மறைந்தது. 1959 முதல் 1970 வரை ‘எழுத்து’ இதழை நடத்திய சி. சு. செல்லப்பா, தான் வெளியிட்ட புத்தகங்களைத் தானே சுமந்துகொண்டு கல்லூரி கல்லூரியாகப் போய் விற்றார்.

இவ்வளவு படித்த பிறகு அலுவலக மேஜைக்குத் திரும்பி, உங்களிடமிருந்து வந்திருக்கும் கதைகளை எடுத்தேன். மனம் திறந்து சொல்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். பல கதைகள் நன்றாகத் தொடங்குகின்றன. பேச்சு வழக்கு கைகூடியிருக்கிறது. கோயம்புத்தூர்க்காரர் கோயம்புத்தூர்க்காரராகவே பேசுகிறார். தூத்துக்குடி உப்பளமும் மதுரை ஆஸ்பத்திரி வராந்தாவும் கண்முன் வந்துவிடுகின்றன. கடைசிப் பத்தியில்தான் வண்டி தடம் புரள்கிறது. அதுவரை கதை சொன்னவர் திடீரென்று எழுந்து நின்று, இதனால் அறியப்படுவது யாதெனில் என்று ஆரம்பித்துவிடுகிறார். முதியோர் இல்லத்தில் விடப்பட்ட அம்மா, அவள் மூட்டையில் மகனின் சின்ன வயசுச் சட்டை. சட்டை போதும். அதற்குப் பிறகு மகன் தலையில் அடித்துக்கொண்டு அழுவதும், தாய்ப்பாசத்தைப் பற்றி நாலு வரி வருவதும் அந்தச் சட்டையைக் கசக்கி எறிந்துவிடுகின்றன. அப்படி ஒரு கதையை இந்த மழைக்காலத்தில்தான், எழுதியவரின் சம்மதத்தோடு, கடைசிப் பத்தியை மட்டும் எடுத்துவிட்டு இந்த இதழில் சேர்த்திருக்கிறோம். எந்தக் கதை என்று சொல்லமாட்டேன். கண்டுபிடித்து எழுதுங்கள்.

தை இதழைச் சிறுகதைச் சிறப்பிதழாகக் கொண்டுவருகிறோம். உங்கள் ஊர், உங்கள் தெரு, உங்கள் தொழில் தெரிகிற கதையாக இருக்கட்டும். எழுதி முடித்ததும் வீட்டில் யாரையாவது உட்காரவைத்து உரக்கப் படித்துக் காட்டுங்கள். அவர்களுக்கு எந்த இடத்தில் கொட்டாவி வருகிறது என்று கவனியுங்கள். கடைசிப் பத்தியை ஒரு தடவை கையால் மறைத்துவிட்டுப் படித்துப் பாருங்கள். கதை அப்போதும் நிற்குமானால் அந்தப் பத்தியை அனுப்ப வேண்டாம், எங்களுக்கு வேலை மிச்சம். கதை எழுதாதவர்கள், மேலே சொன்ன கதைகளில் ஒன்றைப் படித்துவிட்டு எங்கே என்னோடு முரண்படுகிறீர்கள் என்று எழுதுங்கள். வாசகர் கடிதப் பகுதிக்கு இரண்டு பக்கம் கூடுதலாக ஒதுக்கியிருக்கிறேன்.

கதைகள் கார்த்திகைக் கடைசிக்குள் வந்து சேரவேண்டும். மறக்காமல் ஒரு பிரதி வைத்துக்கொண்டு அனுப்புங்கள். வழக்கம்போல, பிரசுரமாகாதவற்றைத் திருப்பி அனுப்ப இயலாது.

அன்புடன்,
ஆசிரியர்